ஏலத்துக்கு முந்தைய பத்து நிமிடங்கள்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் மீன்வரத்தைப் பதிவு செய்யும் வேலையில் நான் சேர்ந்தபோது, எனக்குத் தரப்பட்ட படிவத்தில் சுறாக்களுக்கென ஒரே ஒரு வரிதான் இருந்தது. பால்சுறா வந்தாலும் கொம்பன்சுறா வந்தாலும் மொத்த எடையை அந்த வரியில் எழுதிவிட்டு அடுத்த படகுக்குப் போய்விட வேண்டும். இரண்டு ஆண்டுகள் நானும் அப்படியே எழுதினேன். அந்தப் பக்கங்களைப் புரட்டினால் எந்த இனம், ஆணா பெண்ணா, பருவம் எய்தியதா என்று எதுவும் தெரியாது என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஒரு விடியற்காலையில், ஏலம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில், "தம்பி, இது வயித்துல குட்டி கெடக்கு, பாக்கியளா?" என்று படகுக்கார அண்ணாச்சி ஒருவர் கூப்பிட்டார். முக்கால் மீட்டர் நீளமுள்ள பால்சுறா அது. வயிற்றைக் கீறியதும் இரண்டு கருப்பைகளிலும் இரண்டிரண்டாக நான்கு குட்டிகள் தெரிந்தன. ஒவ்வொரு குட்டியின் மார்புத் துடுப்புகளுக்கு நடுவிலிருந்தும் ஒரு கொடி புறப்பட்டுத் தாயின் கருப்பைச் சுவரோடு ஒட்டியிருந்தது. கரு முதலில் தன் மஞ்சள்கருப் பையிலுள்ள உணவில் வளர்கிறது; அது தீர்ந்ததும் அந்தப் பையே நஞ்சுக்கொடியாக மாறித் தாயிடமிருந்து உணவைப் பெற்றுத் தருகிறது. இதற்கு ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. சிவப்புக் கங்காரு 33 நாட்களில் கட்டைவிரல் நுனியளவுக் குட்டியை ஈன்று, மீதி வளர்ப்பை மடிப்பைக்கு விட்டுவிடுகிறது. பால்சுறாவுக்கு அப்படியொரு பை இல்லை. குட்டி பிறந்த அன்றே தானாக இரை தேட வேண்டும் என்பதால் எல்லா வளர்ச்சியும் வயிற்றுக்குள்ளேயே முடிந்தாக வேண்டும்.

ஒரு மத்தி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பால்சுறா ஒரு சூலில் ஈனுவது பெரும்பாலும் ஐந்துக்குள்தான். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊறும் என்று நம் வீடுகளில் விரும்பிச் சமைக்கும் புட்டுக்கு இந்தச் சுறாவைத்தான் தேடி வாங்குகிறோம். அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சினைச்சுறாக்கள் எந்த மாதத்தில், எந்தக் கடற்பகுதியில் வலையில் விழுகின்றன என்று தெரியாமல் இந்த இனத்தைக் காப்பது பற்றிப் பேசவே முடியாது.

அன்றிலிருந்து அந்தப் பத்து நிமிடங்களில் நான் செய்யும் வேலை மாறியது. ஆண் சுறாவின் அடித்துடுப்புகளை ஒட்டி விரல்போல நீளும் இரண்டு உறுப்புகளையும் அழுத்திப் பார்க்கிறேன். வளைந்து கொடுத்தால் இளசு, சுண்ணாம்பேறி விறைத்திருந்தால் பருவம் எய்தியது. பெண் சுறாவாக இருந்தால் அண்ணாச்சிமாரே கூப்பிட்டு வயிற்றைக் காட்டுகிறார்கள்.

அந்த நான்கு குட்டிகளில் ஒன்றைக் கையில் எடுத்து மூக்கை மெல்ல அழுத்தியபோது, நுண்துளைகளிலிருந்து கூழ் போன்ற ஒரு நீர் கசிந்தது. மணலில் புதைந்திருக்கும் இரையின் உடலிலிருந்து வெளிப்படும் மிகச் சிறிய மின்னோட்டத்தையும் உணரும் துளைகள் அவை. பிறக்கும் முன்பே உருவாகியிருந்தன. படிவத்தில் இடமில்லாததால் ஓரத்தில் எழுதினேன்: பால்சுறா, பெண், 76 செ.மீ., குட்டிகள் 4, அவற்றில் ஆண் 1.