பினாங்கு ஈரத்தில் நீல அச்சு: ஒருவழியாக வெள்ளை வெளுத்தது

வந்துவிட்டது. ரேசாம் பெரணியின் கவட்டைக் கிளை நீலத்துக்கு நடுவில் பளிச்சென்று வெள்ளையாக நிற்கிறது. இதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் இந்தத் தீவில் சயனோடைப் செய்து பார்க்காதவர்கள். மருந்து பூசிய தாளில் இலையை வைத்து வெயிலில் காட்டி அலசினால், வெயில் பட்ட இடம் நீலமாகும், இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டும், அதுதான் சயனோடைப். நம் வெயிலுக்கு நீலம் யாருக்கும் வரும். வெள்ளைதான் வராது. சாயம் ஒட்டிய வேட்டி மாதிரி மங்கலாக ஒன்று வரும், அதைத்தான் இத்தனை நாளாக "இதுவும் ஓர் அழகுதான்" என்று பார்க்க வந்தவர்களிடம் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

கரைசலில் புதுமை ஒன்றும் இல்லை. 100 மில்லி தண்ணீருக்குப் பச்சை வகை பெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம், இன்னொரு பாட்டிலில் 100 மில்லிக்குப் பொட்டாசியம் பெரிசயனைடு 10 கிராம், பூசும்போது சம அளவு. எல்லாரும் செய்வதுதான். என் சண்டை முழுக்கத் தாளை உலர்த்துவதில்.

செய்முறை எழுதுகிறவர்கள் "பூசிய தாளை இருட்டில் தொங்கவிட்டு இரவு முழுக்கக் காய விடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஜான் ஹெர்ஷல் 1842இல் இதைக் கண்டுபிடித்ததும், அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் பாசிகளை வரிசையாக அச்செடுத்ததும் இங்கிலாந்தில். இங்கே காற்றின் ஈரம் 80 விழுக்காட்டைத் தொடுவது சாதாரணம். இரவு முழுக்கத் தொங்கவிட்டால் காலையில் தாள் வெயிலையே பார்க்காமல் பாதி நீலமாகியிருக்கும். மெதுவாகக் காய்ந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. கரைசல் நாருக்குள் ஆழமாக இறங்கிவிடும், அப்புறம் எத்தனை முறை அலசினாலும் வெளியே வராது.

சரி, வேகமாகக் காயவைப்போம் என்று ஹேர் டிரையரைச் சூட்டில் வைத்தால் அதுவும் ஆகாது. சூடு பட்டாலே வெயில் படாத தாளிலும் நீல மூட்டம் விழுகிறது. பூசிய உடனே காற்றடித்தால் கரைசல் மேலோடு நின்று, அலசும்போது நீலம் தொட்டியில் ஓடுகிறது.

இப்போது பிடிபட்ட வழி இது. படுக்கையறையில் ஏர்கோனை 'டிரை'யில் முன்கூட்டியே ஓடவிட்டு, ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பூச வேண்டும். பூசியதும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். தாளைச் சாய்த்துப் பார்த்தால் ஈர மினுக்கம் போயிருக்க வேண்டும், ஆனால் தொட்டால் குளிர்ச்சி இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, தாளின் பின்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று. முன்பக்கம் வேண்டவே வேண்டாம். காய்ந்ததும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணி போட்ட பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, அன்றைக்கே அச்சடித்துவிட வேண்டும். நாளைக்கென்று எடுத்து வைப்பதெல்லாம் நமக்கில்லை.

சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வெயிலில் காட்டாமலே நேராகத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். பால் வெள்ளைக்குத் திரும்பினால் தாளும் உலர்த்தலும் சரி. நீலம் தங்கினால் வெயிலைக் குறை சொல்லிப் பயனில்லை.

நேற்று விடுமுறை. விடியற்காலையிலேயே தண்ணீர்மலைப் பூந்தோட்டத்துக்கு நடந்தேன். பழைய கருங்கல் குவாரி இருந்த இடத்தில் 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் பொறுப்பில் தொடங்கிய தோட்டம் அது. உள்ளே எதையும் பறிக்கக்கூடாது, அதனால் உதிர்ந்ததைத்தான் பொறுக்குவேன். நாகலிங்க மரத்தடியில் பூக்கள் கிடந்தன. மணம் பிரமாதம், ஆனால் அச்சுக்கு உதவாத தடிமன். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகள் தலைக்கு மேல் சாதுவாகத் தழை தின்றுகொண்டிருந்தன. ஒன்றின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டி. நீள்வால் குரங்குகள்தான் ரவுடிகள். பழைய நாளிதழ் வைத்திருந்த பையைச் சாப்பாடு என்று நினைத்து ஒன்று கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தது.

ரேசாம் கிடைத்தது தோட்டத்துக்கு வெளியே, சாலையோரச் சரிவில். களையாக மண்டிக் கிடக்கும், ஒரு கிளை ஒடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். தட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் கண்ணாடிக்கடியில் நன்றாகப் படிகிறது. பசியாறி முடிக்கும்வரை நாளிதழுக்குள் கனத்த அகராதி ஒன்றின் கீழ் கிடந்தது. பச்சை இலையை அப்படியே வைத்தால் அதன் ஈரமே தாளில் கறை போடும். வீட்டுத் தொட்டியில் வளரும் பறவைக்கூட்டுப் பெரணியையும் முயன்றேன். ஒளி துளிகூட ஊடுருவாததால் வெறும் வெள்ளை வாள்தான் வந்தது, நரம்பு ஒன்றும் தெரியவில்லை. மெல்லிய மயில்கொன்றை இதழ் எவ்வளவோ மேல்: இதழ் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில் தனி அழுத்தம், ஓரத்தில் இளநீலம்.

நண்பகலை ஒட்டி 6 முதல் 8 நிமிடம் போதும். கடிகாரத்தைவிடத் தாளின் ஓரத்தை நம்புங்கள். மஞ்சள்பச்சை கறுத்து, அப்புறம் வெளிறிச் சாம்பல் பூத்து உலோகப் பளபளப்பு தட்ட வேண்டும். கறுத்தவுடனே எடுத்தால் அலசலில் பாதி போய்விடும். முதல் அலசல் தண்ணீரில் கொஞ்சம் வெள்ளை வினிகர், பிறகு மஞ்சள் போகும்வரை வெறும் தண்ணீர். இதற்குள் அம்மா கதவைத் தட்டிவிட்டார். "ஏம்பா, குளியலறைய எப்பதான் விடுவே? துணி ஊறிக் கெடக்கு." மருந்துக்கடைப் பெராக்சைடு நாலு சொட்டு விட்டு உடனே அடர்நீலமானதைக் காட்டினேன். "இதே நீலத்துல ஒரு தலையணை உறை போட்டுக் குடு" என்றார். சோப்புத்தூளின் காரத்தில் இந்த நீலம் வெளிறிவிடும் என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

தாளைப் பற்றி ஒரு புலம்பல். முழுப் பருத்தி என்று இணையத்தில் விற்ற ஒரு கடைக்காரரிடம் ஒரு கட்டு வாங்கினேன். அதில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. வினிகர் ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தது. சுண்ணாம்பும் காரம்தான், அதிலும் நீலம் நிற்காது. சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்தால் தேறும் என்றாலும், மறுபடியும் உலர்த்தலா என்று கட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். தூரிகைக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இரும்புப் பட்டை போட்டது வாங்கினால் தாளெல்லாம் நீலப் புள்ளி. பட்டையே இல்லாமல் மூங்கில் பிடியில் தைத்த ஆட்டுமயிர்த் தூரிகை சீனர்களின் எழுதுபொருள் கடைகளில் கிடைக்கிறது.

ரேசாம் அச்சுக்கு இன்னும் சட்டம் போடவில்லை, ஓரம்கூட வெட்டவில்லை. அதற்குள் மனம் தேத்தண்ணிக்குத் தாவிவிட்டது. சலவைச் சோடாவில் நீலத்தை மஞ்சளாக வெளுத்து, கடுந்தேயிலைச் சாற்றில் போட்டால் கரும்பழுப்பு வரும். நல்ல அச்சைத் தொட மனமில்லை, மங்கலான பழசுகள்தான் ஒரு கட்டு இருக்கின்றனவே. சோடா வாங்கியாகிவிட்டது. குளியலறை காலியானதும் ஆரம்பிக்க வேண்டும்.