உள்ளீடு தீர்ந்த பிறகும் ஓடிய இன்டர்ப்ரெட்டர்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் அலுவலகம். பள்ளிப் பிள்ளைகள் தமிழிலேயே நிரல் எழுதிப் பழக ஒரு சின்ன மொழி வைத்திருக்கிறோம், பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியது. ஒரு வரி தட்டினால் உடனே விடை சொல்லும் இன்டர்ப்ரெட்டர்தான் அதில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது.

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு பள்ளியிலிருந்து கணினி ஆசிரியர் போன் செய்தார். "சார், ஒரே வரி கொட்டிக்கிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது. மெஷின் ஃபேன் வேற கத்துது." கொட்டியது, 'இஓஎஃப்' (EOF, கோப்பு முடிந்தது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற கட்டளை தெரியாது என்கிற பிழைச்செய்தி. பிள்ளைகள் யாரும் அப்படித் தட்டவே இல்லை.

இங்கே, உள்ளீடு முடிந்தது என்று சொல்லும் கண்ட்ரோல் டி விசையை அழுத்திப் பார்த்தால் அதே செய்தி ஒரே ஒரு முறை வந்து, அடுத்த வரிக்காக அமைதியாகக் காத்திருக்கிறது. என்னுடன் வேலை செய்யும் தம்பிதான், "அண்ணா, அவங்க எப்படி ஓட்டுறாங்கன்னு முதல்ல கேளுங்க" என்றான். கேட்டால், பிள்ளைகள் எழுதிய விடைகளைக் கோப்பாக வாங்கி, அந்தக் கோப்பை அப்படியே இன்டர்ப்ரெட்டருக்குள் திருப்பிவிடுகிறாராம்.

விஷயம் அங்கேதான். டெர்மினலில் வெற்று வரியில் கண்ட்ரோல் டி அழுத்தினால் நிரலுக்குப் பூஜ்யம் பைட் போகிறது, நிரல் அதை உள்ளீட்டின் முடிவு என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் விசைப்பலகை எங்கும் போய்விடவில்லை, மறுபடி படிக்கப் போனால் அது காத்திருக்கத்தான் செய்யும். கோப்பு அப்படியில்லை. ஒருமுறை தீர்ந்துவிட்டால் எத்தனை முறை கேட்டாலும் காத்திருக்காமல் உடனே பூஜ்யம்தான். வற்றின கிணற்றில் வாளி விட்டு இழுக்கிற மாதிரி, சுற்றிச் சுற்றி ஓடும் எங்கள் லூப் படிக்கும், ஒன்றும் வராது, பிழைச்செய்தி அச்சிடும், மறுபடி படிக்கும். லினக்ஸில், நிரல் இயங்குதளத்திடம் கேட்பதையெல்லாம் காட்டும் ஸ்ட்ரேஸ் கருவியை வைத்துப் பார்த்தபோது பூஜ்யம் பைட் வந்த ரீட் அழைப்புகள் திரை முழுக்க ஓடின.

இன்டர்ப்ரெட்டர், பைத்தானோடு வரும் சிஎம்டி (cmd) என்ற ஆயத்த நிரல்தொகுப்பின், அதாவது மாட்யூலின், மேல் கட்டியது. உள்ளீடு தீர்ந்தால் அந்த மாட்யூல், 'இஓஎஃப்' என்று பயனர் ஒரு வரி தட்டியதாகவே வைத்துக்கொண்டு அதைக் கட்டளையாக அனுப்பும். அந்தப் பெயருக்கு ஒரு செயல்கூறு எழுதி, அது 'உண்மை' எனத் திருப்பினால் லூப் நின்றுவிடும். பலரும் செய்வது இதுதான், இரண்டு வரி வேலை. எனக்கு மனசு வரவில்லை. ஒரு பிள்ளை நிஜமாகவே அந்த மூன்று எழுத்தைத் தட்டினால் இன்டர்ப்ரெட்டர் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். எதுவும் வரவில்லை என்பதை ஒரு சொல்லாக மாற்றி, வந்தவற்றோடு கலந்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாட்யூலின் மூலநிரலை முழுசாகப் படித்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. வெற்று வரி வந்தால் அது முந்தைய கட்டளையைத் திரும்ப ஓட்டும். பைத்தானில் பிழை தேட உதவும் டீபக்கரான பிடிபி (pdb) இந்த மாட்யூலில்தான் ஓடுகிறது, அங்கே என்டரை மட்டும் தட்டித் தட்டி அடுத்தடுத்த வரிக்கு நகர்வது ரொம்ப வசதி. நிரல்மொழிக்கு அது விஷம். 'எண் = எண் + 1' என்று எழுதி, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கீழே ஒரு வரி இடம் விட்ட பிள்ளைக்கு எண் இரண்டு கூடிவிடும். சில விடைகள் காரணமே இல்லாமல் தப்பாக வருவதாக அந்த ஆசிரியர் முன்பே சொல்லியிருந்தார். ஒழுங்காக இடம்விட்டு எழுதிய பிள்ளைகளுக்குத்தான் மார்க் போயிருக்கிறது என்பதை நினைக்கவே கஷ்டமாக இருந்தது. அன்றைக்கே அவரிடம் சொல்லி, அந்தத் தாள்களைத் திரும்பப் பார்க்கச் சொன்னேன்.

அப்புறம் மாட்யூலைக் கழற்றிவிட்டு லூப்பை நாங்களே எழுதினோம். உள்ளீடு முடிந்தால் பைத்தான் எழுப்பும் விதிவிலக்கு என்ற பிழை அறிவிப்பை நேராகப் பிடித்து வெளியேறுகிறது, வெற்று வரியைச் சும்மா தாண்டிவிடுகிறது. ஒன்றுமே இல்லாத ஒரு கோப்பைக் கொடுத்து ஓட்டுவதுதான் இப்போது எங்கள் முதல் சோதனை.

மிச்சமிருந்தது, ஒரு தொகுதி, அதாவது சேர்ந்து ஓட வேண்டிய சில வரிகள், பாதியில் நிற்கும்போதே கோப்பு முடிந்தால் என்ன செய்வது என்பது. கடைசி வரி எண்ணைக் காட்டலாமா, தொகுதி தொடங்கிய வரியைக் காட்டலாமா என்று ஆசிரியரிடமே கேட்டோம். "தொடங்கின வரியைச் சொல்லுங்க சார், பசங்க அங்கேருந்துதான் தேடுவாங்க" என்றார். அப்படியே வைத்தோம்.