அவள் நடந்த மயிலையில் நான்கு நாட்கள்

முத்துநகர் விரைவு ரயில் செங்கல்பட்டைத் தாண்டுவதற்கு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் நாங்கள் இருவரும் சேர்ந்து போய்வந்த ஆண்டுகளில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. தாம்பரம் நெருங்கும்போது என் காலைத் தட்டி, "எந்திரிங்க, தாம்பரம் வந்தாச்சு" என்று என் மனைவிதான் எழுப்புவாள். அதற்குள் போர்வையை மடித்து, இருக்கைக்கு அடியில் ஓடிப்போயிருக்கும் என் செருப்பையும் தேடி எடுத்து வைத்திருப்பாள். இந்த முறை எதிர்ப் படுக்கையில் ஒரு கல்லூரி மாணவர் உறங்கிக்கொண்டிருந்தார். அவள் மறைந்த பிறகு நான் தனியாகச் செய்த முதல் ரயில் பயணம் இது.

1984-ல் திருமணமான மூன்றாம் மாதம் அவளைச் சென்னைக்கு அழைத்து வந்தேன். நான் துறைமுகத்தில் எழுத்தர். அவள் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்து, 2018-ல் 58 வயது நிறைந்து ஓய்வுபெறும்வரை அந்த ஒரே வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் சொன்னாள். ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊருக்குத் திரும்பினோம். 2024 தொடக்கத்தில் அவளுடைய சிறுநீரகங்கள் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் என்று எட்டு மாதம் ஓடியது. ஆகஸ்டு மாதக் கடைசியில் அவள் போய்விட்டாள்.

அந்த எட்டு மாதங்களில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "வர்ற பங்குனிக்கு மயிலாப்பூர் போறோம், அறுபத்துமூவர் பாக்குறோம்." "போவோம்" என்பாள். அதனால்தான் இந்தப் பங்குனியில் கிளம்பி வந்தேன். பெங்களூரிலிருந்து மகளும் வந்து சேர்ந்துகொண்டாள்.

எழும்பூரிலிருந்து ஆட்டோவில் வந்தோம். லஸ் பக்கம் மெட்ரோ பணிக்காக அடைத்திருந்த தகரத் தடுப்புகளால் பழகிய திருப்பங்களே எனக்கு அடையாளம் தெரியவில்லை. மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த வீடும் இப்போது இல்லை. அந்த இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. அங்கே வெகுநேரம் நிற்கவில்லை. மகள்தான், "கெளம்பலாம்பா" என்றாள்.

கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழா பத்து நாள் நடக்கும். எட்டாம் நாள் பிற்பகலில் அறுபத்துமூன்று நாயன்மார்களும் மாட வீதிகளில் உலா வருவதைக் காணத்தான் ஊரே திரள்கிறது. ஆனால் அன்று முற்பகலில் நடப்பதைக் காணத்தான் என் மனைவி ஒவ்வோர் ஆண்டும் பள்ளிக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுப்பாள். மயிலையில் வாழ்ந்த வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்துபோகிறாள். தகனம் செய்த பின் அவளுடைய எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டு, அதைப் பிரிய மனமில்லாமல் தந்தை காத்துவருகிறார். பின்னர் மயிலைக்கு வந்த ஞானசம்பந்தர் அந்தக் குடத்தின் முன் நின்று பதிகம் பாட, அவள் உயிர்பெற்று எழுகிறாள். இந்த நிகழ்ச்சியைத்தான் எட்டாம் நாளன்று நடத்திக் காட்டுகிறார்கள். குளக்கரை வெயிலில், மகள் பிடித்த குடையின் கீழ் நின்று ஓதுவாரின் குரலைக் கேட்டேன்.

பத்துப் பாட்டிலும் இறந்தவளைப் பார்த்து 'எழுந்து வா' என்று ஓரிடத்திலும் சம்பந்தர் சொல்லவில்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலையின் விழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, "காணாதே போதியோ பூம்பாவாய்" என்று கேட்கிறார், அவ்வளவுதான். இதைக் கேட்கும்போதெல்லாம் என் மனைவி, "பாத்தீங்களா, அதட்டலை, கெஞ்சலை. இத்தனையும் இருக்கே, பாக்காமப் போறியேன்னு கேக்குறாரு. இப்படிக் கேட்டா எந்தப் பிள்ளைதான் வராது?" என்பாள்.

அவளுக்கு இது வெறும் ரசனை இல்லை. அவளுடைய தொழிலே அதுவாகத்தான் இருந்தது. நொச்சிக்குப்பத்திலிருந்து வரும் பிள்ளைகள் திடீரென்று பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். பையன் என்றால் வலை இழுக்கப் போயிருப்பான், பெண் என்றால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருத்திவிடுவார்கள். மாலையில் பள்ளி விட்டதும் அவள் நேரே குப்பத்துக்கு நடப்பாள். பெற்றோரை ஏசமாட்டாள், சட்டம் பேசமாட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து, தாய் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, உள்ளே ஒளிந்திருக்கும் பிள்ளைக்குக் கேட்கும்படி, "நாளைக்கு வகுப்புல களிமண்ல கப்பல் செய்யப்போறோம், யார் யாரோ செய்யுறாங்க, இவன் மட்டும் பாக்காம இருக்கப் போறானே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவாள். மறுநாள் களிமண்ணுக்கு எங்கே போவது என்று இரவில் என்னிடம்தான் கேட்பாள். அப்படிச் சுமந்துவந்த களிமண் எத்தனை மூட்டை என்று எனக்குத் தெரியாது; அப்போது அலுத்துக்கொண்டேன் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று தெருவே ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் பள்ளிக்குப் போய்ப் பீரோவைத் திறந்து வருகைப் பதிவேட்டை எடுத்தாள். அன்று மாலையும் மறுநாளும், கடற்கரையை விட்டு வந்த குடும்பங்கள் தங்கியிருந்த பள்ளிகள், மண்டபங்கள் என்று ஏறி இறங்கி, ஒவ்வொரு பிள்ளையையும் கண்ணால் பார்த்த பிறகே அந்தப் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டாள். எல்லாப் பெயருக்கும் கோடு விழுந்த பிறகு, இரண்டாம் நாள் இரவு வீட்டுக்கு வந்து, வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்தப் பென்சில் கோடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட நேராக இல்லை.

பிற்பகலில் நாயன்மார்கள் வந்தார்கள். மாட வீதிகள் முழுக்க நீர்மோரும் பானகமும் சோறும் வழங்கிக்கொண்டே இருந்தார்கள். தெற்கு மாட வீதியில், வழக்கமாக அவள் நிற்கும் திண்ணையோரம் இடம் பிடித்து, கடைசிப் பல்லக்கு கடக்கும்வரை நானும் மகளும் நின்றோம். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை மகள், "29சி பஸ்ல ஒரு தடவ போய்ட்டு வரலாம்பா" என்றாள். எதற்கென்று கேட்டேன். பெசன்ட் நகர் வந்து சேர்வதற்குள் அவள் சொன்ன கதை எனக்கு அதுவரை தெரியாதது. பிளஸ் டூ தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் வராத வாரத்தில், ஒரு மாலை அம்மா அவளிடம், "நம்ம வீட்ல அழுறதுக்குன்னு தனியா ஒரு ரூம் கிடையாது. வா, 29சி கடைசி ஸ்டாப்புல கடல் இருக்கு" என்று சொல்லி அழைத்துப் போயிருக்கிறாள். போகும்போது ஜன்னலோரத்தில் இவள் அழ, பக்கத்தில் அம்மா ஒன்றும் பேசாமல் மடியில் பையை வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கடலைப் பார்த்துவிட்டு, சுண்டல் தின்றுவிட்டு, அதே பேருந்தில் திரும்பியிருக்கிறார்கள். அதன் பிறகு மகள் வேலையில் தடுமாறியபோதும், மணவாழ்க்கை முறிந்து வந்தபோதும் இதே பயணம்தான். ஒருமுறை கடைசி நிறுத்தத்தில் இறங்காமலே திரும்பினார்களாம். கடைக்குப் போய்வருகிறோம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போன மாலைகள் எத்தனையோ. அவற்றுள் எவையெல்லாம் 29சி மாலைகள் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

நடத்துநர் எனக்குக் கட்டணச் சீட்டும் மகளுக்குப் பெண்களுக்கான இலவசச் சீட்டும் கிழித்துக் கொடுத்தார். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போகலாம் என்பது 2021-ல் வந்தது. நாங்கள் சென்னையை விட்டுக் கிளம்பி மூன்று ஆண்டுகள் கழித்து. அந்தச் சீட்டை மகள் பர்ஸுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

பத்தாம் நாள் திருக்கல்யாணமும் முடிந்த மறுநாள் ஞாயிறு காலையில், லூப் சாலைக்குப் போனோம். அங்கே என் மனைவியின் தோழி மீன் விற்கிறார். இவர்களுடைய நட்பு ஒரு பெயர்க் குழப்பத்தில் தொடங்கியது. வஞ்சரத்தை எங்கள் ஊர்ப்பக்கம் சீலா என்போம். சென்னையில் சீலா என்றால் வேறு மீன். வந்த புதிதில் இவள் போய்ச் சீலா கேட்டிருக்கிறாள், அவரும் சென்னைச் சீலாவைக் கொடுத்திருக்கிறார். குழம்பு வைத்துப் பார்த்ததும் இது நம் மீன் இல்லை என்று தெரிந்து, மறுநாள் ஒரு கிண்ணத்தில் அந்தக் குழம்பையே எடுத்துக்கொண்டு போய், "இது என்ன மீன்னு நீங்களே சாப்ட்டுப் பாத்துச் சொல்லுங்கக்கா" என்று நீட்டியிருக்கிறாள். அவர் சாப்பிட்டுவிட்டு, மீனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், குழம்புக்கு என்ன அரைத்தாய் என்று கேட்டாராம். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல், அந்த அக்காவின் மூன்று பிள்ளைகளும் இவளுடைய வகுப்பில் படித்து, இரண்டு வீடுகளுக்கும் இடையே குழம்புக் கிண்ணங்கள் போய்வந்தபடியே இருந்தன.

முன்பெல்லாம் சாலையோரத்தில் குடை நட்டுப் பலகை போட்டிருப்பார். இப்போது அங்கே மேடையும் கூரையுமாக மீன் அங்காடி எழுந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு இன்னும் இரண்டு நாளே இருந்ததால் கூட்டம் நெருக்கியடித்தது. எங்களைக் கண்டதும் அவர் கத்தியை மேடையில் வைத்தார். கையைத் தண்ணீரில் அலம்பி, புடவையில் துடைத்துக்கொண்டு வந்து மகளின் கன்னத்தைப் பிடித்தார். சாவுச் செய்தியைத் தொலைபேசியில்தான் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறோம்.

"சாரு, கடை கட்டுறாங்கன்னு நான் போன்ல சொன்னப்ப, தெறந்ததும் வர்றேன்க்கான்னு சொல்லிச்சு டீச்சரம்மா" என்றார். பின்னால் திரும்பி, ஈரமாகக் கிடந்த அந்த மேடையையும் கூரையையும் ஒரு முறை பார்த்தார். "பாக்காமலே போயிடுச்சே."

நான் குனிந்துகொண்டேன். மகள் என் முழங்கையைப் பிடித்தாள்.

சற்று நேரம் கழித்து அவர் மேடைக்கு அடியிலிருந்து ஓர் எவர்சில்வர் தூக்குச்சட்டியை எடுத்தார். மூடியின் மேல் புள்ளிப் புள்ளியாக வெட்டிய என் மனைவியின் முதலெழுத்தும், அதன் கீழ் 1984 என்ற ஆண்டும் இருந்தன. எங்கள் கல்யாணத்துக்கு அவளுடைய அத்தை வாங்கிக் கொடுத்த பாத்திரம் அது. நாங்கள் சென்னையை விட்டுக் கிளம்பிய வாரத்தில் குழம்போடு இங்கே வந்து, திரும்பாமலே தங்கியிருக்கிறது. வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டியபோது அவர் கொடுக்கவில்லை. ஒரு வஞ்சரத்தை எடுத்து, நடுத்துண்டமாக ஆறு வெட்டி, மஞ்சளும் உப்பும் புரட்டி உள்ளே அடுக்கினார்.

"காலியா குடுக்கக் கூடாது சாரு" என்று மூடியை அழுத்தினார். பிறகு மகளைப் பார்த்து, "சீலாம்மா. உங்கம்மா ஊரு சீலா" என்றார்.

நாங்கள் தங்கியிருந்த உறவினர் வீடு வரும்வரை, ஆட்டோவில் மகள் அந்தத் தூக்குச்சட்டியை மடியிலேயே வைத்திருந்தாள்.