அந்தச் செயலியை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்?

பதவி உயர்வு நேர்காணலில் நான் கேட்ட ஒரு கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. "சர்க்கரை நோயாளிகளுக்காக நீங்கள் உருவாக்கிய செயலியை இப்போது எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்?" என்று கேட்டேன். "ஒருவரும் இல்லை, சார். திட்ட நிதி முடிந்ததும் சர்வரை நிறுத்திவிட்டார்கள். ஆனால் நடுவிலேயே விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள் என்பதை எழுதியிருக்கிறேன்" என்றார் அவர். குழுத் தலைவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

கேட்டிருக்க வேண்டிய கேள்விதான் என்று இப்போதும் நினைக்கிறேன். நோயாளியும் அவர் வீட்டாரும் மருத்துவத் தகவலை எப்படித் தேடுகிறார்கள், எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஆராயும் துறையில், அந்த மனிதர்களைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது? ஆனால் ஒரு மருந்தின் சோதனையை நடத்தியவரிடம், அந்த மருந்தை இன்று எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. சோதனை சரியாக நடந்ததா, முடிவு நேர்மையாகச் சொல்லப்பட்டதா என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அவருடைய ஆய்வுக் கட்டுரைப் பட்டியல் நீளமானது. அதில் அதிக மேற்கோள் பெற்றது ஈஹீல்ஸ் கேள்வித்தாளை வைத்து நடத்திய கணக்கெடுப்பு. 2006இல் நார்மனும் ஸ்கின்னரும் வெளியிட்ட அந்த 8 கேள்விகள், இணையத்தில் நலத் தகவலைத் தேடி எடைபோடத் தனக்குத் தெரியும் என்று ஒருவர் எவ்வளவு நம்புகிறார் என்பதை அளக்கின்றன. உண்மையில் தெரியுமா என்பதை அளப்பதில்லை. விட்டுப் போனவர்களைப் பற்றிய கட்டுரையோ பட்டியலின் அடியில், ஏறத்தாழ மேற்கோளே இல்லாமல் கிடந்தது. அதன் அட்டவணையில் ஒரு பெண் சொன்ன காரணம் எனக்கு மறக்கவில்லை: சர்க்கரை ஏறியிருக்கும் நாளில் அளவைப் பதியக் கை வரவில்லை, டாக்டர் பார்த்துவிடுவாரே. இன்னொருவர் வீட்டில் இருந்த ஒரே கைப்பேசியை மகன் வேலைக்கு எடுத்துப் போய்விடுவான்.

இணையவழி நலத் திட்டங்களில் பெரும்பாலோர் பாதியில் விலகுவது இயல்பு, அதை மறைக்காமல் ஆராய வேண்டும் என்று குந்தர் ஐசன்பாக் 2005இல் எழுதினார். இந்தத் துறைக்கென 1999இல் ஓர் இதழைத் தொடங்கியவர் அவர். அதே 2005இல்தான் இயற்பியலாளர் ஹிர்ஷ், ஒருவர் எத்தனை கட்டுரை எழுதினார், அவை எவ்வளவு மேற்கோள் பெற்றன என்பதை ஒரே எண்ணில் சொல்லும் எச்-குறியீட்டை முன்வைத்தார். எங்கள் மேசைக்கு வந்துசேர்ந்தது இரண்டாவதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, அறிவியல், மருத்துவத் துறைகளில் ஒரு கட்டுரைக்கு 8 புள்ளிகள். இதழின் தாக்கக் காரணிக்கு, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்பதற்கு, கூடுதல் புள்ளிகள். ஒருவர் தன் தோல்வியைத் திறந்து காட்டியதற்கு அதில் தனிக் கட்டம் இல்லை.

விண்ணப்பத்தை ஒத்திவைக்கலாம் என்று நான் எழுதியதற்குக் காரணம் வேறு. ஒரே செயலி, ஒரே நோயாளிகள். வடிவமைப்புக்கு ஒரு கட்டுரை, பயன்பாட்டு எளிமைக்கு ஒன்று, மனநிறைவுக்கு ஒன்று என்று பிரித்து எழுதியவர், அந்த நோயாளிகள் அவர்களேதான் என்பதை எல்லாவற்றிலும் சொல்லவில்லை. பின்னால் இவற்றைத் தொகுத்து மதிப்பிடுபவர், ஒரே ஆளை இரண்டு மூன்று முறை எண்ணிவிடக்கூடும். அதன் விளைவு சிகிச்சைப் பரிந்துரை வரை போகும் என்பதால், இதைச் சின்ன விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியாது. எந்தக் கட்டுரையில் எந்த நோயாளிகள் என்ற விளக்கம் வரட்டும் என்பதே என் குறிப்பு.

ஆனால் கூட்டக் குறிப்பில் "செயலி தற்போது பயன்பாட்டில் இல்லை" என்பதே முதல் காரணமாக ஏறியது. என் கேள்வியிலிருந்து எடுத்த வாக்கியம் அது. என் காரணமும் கீழே இருந்ததால் கையெழுத்திட்டேன். முடிவு சரி என்றே நம்புகிறேன். அவருக்குப் போய்ச் சேர்ந்த காரணம் சரியா என்று கேட்டால், என்னிடம் உறுதியான பதில் இல்லை.

இந்தச் சுற்றுக்கு அவர் மறுபடி விண்ணப்பித்திருக்கிறார். நோயாளிகள் பற்றிய விளக்கம் ஒழுங்காக வந்திருக்கிறது. சிறந்த கட்டுரைகள் என்று அவரே தேர்ந்து தந்தவற்றில் ஈஹீல்ஸ் கணக்கெடுப்பு முதலில் நிற்கிறது. விட்டுப் போனவர்களைப் பற்றிய கட்டுரை அதில் இல்லை. விண்ணப்பதாரருக்குக் குழு உறுப்பினர் எதையும் தனியே எழுதக் கூடாது. கூட்டத்தில் அந்தக் கட்டுரையைப் பற்றி நானாகப் பேச்செடுக்கலாம் என்றிருக்கிறேன். எடுத்தால், செயலி இப்போது எங்கே என்று யாராவது கேட்பார்கள்.