ஆறாம் பாகம் வந்த மார்கழி

ஃபுட்பால் வீடியோ கேம் ஆடுகிற ஜாய்ஸ்டிக்கில் முதலில் போவது ஆர் 1 பட்டன்தான். கோல் அடிக்கிற சதுரமோ பாஸ் கொடுக்கிற பெருக்கல் குறியோ அவ்வளவு சீக்கிரம் போகாது. பந்தோடு வேகமாக ஓட வேண்டுமானால் ஆர் 1-ஐ அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டம் சூடு பிடித்துவிட்டால் பையன்கள் அதை அமுக்குவதோடு விடமாட்டார்கள், நசுக்குவார்கள். பின்பக்கத்துத் திருகுகளைக் கழற்றிப் பார்த்தால் மற்ற ரப்பர்களெல்லாம் நிமிர்ந்து நிற்க, அந்த ஒரு குமிழ் மட்டும் சப்பிப்போய்க் கிடக்கும். 2005-லிருந்து 2008 வரை காரைக்காலில் ஒரு வீடியோ கேம் கடையில் நான் பார்த்த வேலையில் பாதி இந்த ரப்பர் மாற்றுகிற வேலைதான்.

பாரதியார் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கடை. நான்கு பிளேஸ்டேஷன் 2, நான்கு 21 இஞ்ச் டிவி, பிளாஸ்டிக் ஸ்டூல்கள், சுவரில் ஒரு ஃபேன், நேரம் எழுத ஒரு நீள நோட்டு. மணிக்கு 20 ரூபாய். இரண்டு பேர் ஆடினால் தோற்றவன் காசு கொடுக்க வேண்டும் என்பது பையன்களே வைத்துக்கொண்ட சட்டம். எங்கள் ஊர் திருநள்ளாறு பக்கம். அப்பாவுக்கு எட்டு மா நிலம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, சாலிடரிங் தெரியும் என்ற ஒரே தகுதியில் அங்கே சேர்ந்தேன். கடலுக்குப் பக்கத்து ஊர். உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ஜாய்ஸ்டிக் பின்னில் பச்சை பூத்துவிடும். டிஸ்க்கை நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைத்தால் கீறல் மெஷினுக்குப் படிக்க முடியாத திசையில் விழும். இதையெல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

மெஷின்கள் பாரிஸிலிருந்து வந்தவை. 1954 வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களின் 'சொல்தா' வீடுகள் இன்னமும் ஊரில் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போய் ஜூலை, ஆகஸ்ட் லீவுக்கு இங்கே வருவார்கள். முதலாளியின் தாய்மாமன் அப்படி ஒருவர். ஐரோப்பாவில் விற்கிற மெஷின் என்பதால் நம் ஊர்க் கரண்டில் நேராக ஓடியது. டிஸ்க்கும் அங்கிருந்தே வந்ததால் மெனு முழுக்க பிரெஞ்சு, வர்ணனையும் பிரெஞ்சு. கடைக்கு வந்த பையன்களில் முக்கால்வாசிப் பேருக்கு பிரெஞ்சில் பேர் சொல்லக்கூடத் தெரியாது. ஆனால் 'ஒர்-ஜே' என்றால் ஆஃப்சைடு, 'மி-தாம்' என்றால் பாதி நேரம் என்று எல்லாருக்கும் தெரியும். கிளிஞ்சல்மேட்டு மீனவப் பையனும் நெடுங்காட்டு விவசாயி மகனும் அம்பயரைப் பார்த்து "ஒர்-ஜே, ஒர்-ஜே" என்று கத்துவது கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். ரெஃப்ரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அம்பயர்தான்.

எங்கள் கடையின் சோறு கோனாமி கம்பெனியின் புரோ எவல்யூஷன் சாக்கர். ஜப்பானில் அப்போது அதற்கு வின்னிங் லெவன் என்று பெயர், 1995-ல் தொடங்கிய வரிசை. எங்களுக்கு அது 'பெஸ்'. நான் சேர்ந்த சில மாதத்தில் ஐந்தாம் பாகம் வந்தது, அட்டையில் தியரி ஹென்றியும் ஜான் டெர்ரியும். போட்டியாக ஃபிஃபா விளையாட்டும் இருந்தது, அதில் அநேகமாக எல்லாக் கிளப்புக்கும் சொந்தப் பெயர் இருக்கும். கோனாமியிடம் அப்போது பல கிளப்புகளின் உரிமை கிடையாது. அதனால் லிவர்பூலுக்கு 'மெர்ஸிசைடு ரெட்' என்று பெயர், மான்செஸ்டர் சிட்டிக்கு 'மேன் ப்ளூ'. ராத்திரி கடையை மூடிய பிறகு எடிட் பகுதிக்குள் போய், திரையில் வரும் எழுத்துகளில் ஒவ்வொன்றாகக் கர்சரை நகர்த்தி, கிளப் பெயர்களையெல்லாம் சரியாக மாற்றி வைத்தேன். நான்கு மெமரி கார்டுக்கும் தனித்தனியாக. யாரும் சொல்லிச் செய்யவில்லை. மறுநாள் காலையில் வந்து அணியைத் தேர்ந்தெடுக்கிற பையன் ஒரு நொடி நின்று, "அண்ணே, லிவர்பூல் வந்துட்டுண்ணே" என்று திரும்பிப் பார்த்தான். அந்த முகத்துக்காக இன்னும் நூறு பெயர் மாற்றியிருப்பேன்.

ஐந்தாம் பாகத்தின் ராஜா கிளிஞ்சல்மேட்டுப் பையன் ஒருவன். அப்போது பதினேழு வயது இருக்கும். விடியுமுன் அண்ணனோடு படகில் போய்விட்டு, மீன் ஏலம் முடிந்து, குளித்துவிட்டு நாலு மணிக்கு வருவான். வலை இழுத்துக் காய்த்துப்போன கை. இடது கட்டைவிரலில் மட்டும் காய்ப்பு தனியாக, பிளஸ் வடிவத்தில் தெரியும். அது எங்கள் ஜாய்ஸ்டிக்கின் திசைப்பட்டன் வைத்த அச்சு. அவன் ஆட்டம் மெதுவான ஆட்டம். ரியல் மாட்ரிட்டை எடுப்பான். பந்தை ஜிடானிடம் கொடுத்து, கோலுக்கு முதுகைக் காட்டி நிறுத்துவான். எல்லாரும் ஆர் 1-ஐ நசுக்குகிற இடத்தில் இவன் விரலை எடுத்துவிடுவான். எதிராளி பொறுமையிழந்து வட்டப் பட்டனை அமுக்கிச் சறுக்குவான். விசில். ஐந்தாம் பாகத்தின் அம்பயர் ரொம்பக் கண்டிப்பு, உரசினாலே ஊதிவிடுவார். ஃப்ரீ கிக் எடுக்க பெக்கம் வருவார். சுவருக்கு மேல் வளைந்து போய் வலைக்குள் விழும். மாதக்கணக்கில் கடையில் அவன் காசு கொடுத்ததே இல்லை.

2006 ஜூலை 9 ராத்திரி உலகக் கோப்பை இறுதி ஆட்டம், ஜிடானின் பிரான்சும் இத்தாலியும். கடையை மூடாமல் ஒரு டிவியில் கேபிளைப் போட்டு நாற்பது பேர் பார்த்தோம். மாங்கனித் திருவிழாவுக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த நேரம், வெளியே சாலையெல்லாம் விளக்கு. 110-வது நிமிடம் ஜிடான் இத்தாலி ஆட்டக்காரர் ஒருவரின் மார்பில் முட்டிவிட்டுச் சிவப்பு அட்டை வாங்கி, கோப்பையைத் தாண்டி நடந்து உள்ளே போனார். பெனால்டியில் த்ரெஸகே அடித்தது பாரில் பட்டுத் திரும்பியது. 5-3, இத்தாலி ஜெயித்தது. யாரும் பேசவில்லை. கிளிஞ்சல்மேட்டுப் பையன் மட்டும் எழுந்து ஸ்டூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்துவிட்டுப் போனான். அது என் வேலை, அவன் செய்தான். அதற்கு மறுநாளிலிருந்து இத்தாலி அணியைக் கடையில் யார் எடுத்தாலும் நாலு பேர் பக்கத்தில் வந்து நின்று எதிராளிக்கு யோசனை சொல்வார்கள்.

ஆறாம் பாகம் ஐரோப்பாவில் அக்டோபரிலேயே வந்துவிட்டது. எங்கள் கைக்குக் கிடைத்தது மார்கழியில், கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்த ஒரு குடும்பத்தின் பெட்டியில். முதலாளி ஆறு டிஸ்க் சொல்லியிருந்தார், நாலு வந்தது. போதும்.

புதுப் பாகம் என்றால் படம் பளபளவென்று மாறியிருக்கும் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பிளேஸ்டேஷன் 2 என்பது 2000-ல் வந்த மெஷின், அதன் நினைவகம் வெறும் 32 எம்பி. ஆறு வருடமாக அதே மெஷினுக்குள்தான் ஒவ்வொரு பாகத்தையும் அடைக்க வேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் குறைவு. மாறுவதெல்லாம் விரலுக்குத்தான் தெரியும். பந்தின் கனம், திரும்பும்போது ஆட்டக்காரன் எடுத்துக்கொள்கிற அரை நொடி, அம்பயரின் விசில். ஆறில் அம்பயர் இளகிவிட்டார். உரசலுக்கெல்லாம் ஊதவில்லை. ஷாட் அடிப்பது சுலபமாகிவிட்டது. இன்டர் மிலானின் அட்ரியானோவுக்கு இடது காலில் கொஞ்சம் இடம் கொடுத்துவிட்டால் முடிந்தது. நேற்றுவரை தோற்றுத் தோற்றுக் காசு கொடுத்துக்கொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பையன்கள் முப்பது கஜத்திலிருந்து அடித்துக் குதித்தார்கள்.

என் அபிப்பிராயத்தில் ஐந்துதான் உயர்ந்த ஆட்டம். பொறுமைக்கு மதிப்புக் கொடுத்த ஆட்டம். ஆனால் புதிதாக வருகிறவனை உட்கார வைத்தது ஆறு. ஐந்தில் அவன் முதல் கோல் அடிக்க ஒரு வாரம் ஆகும், அதற்குள் கையிலிருந்த காசு தீர்ந்துவிடும். இரண்டையும் தினமும் பத்து மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

கிளிஞ்சல்மேட்டுப் பையன் முதல் நாளே நாலு ஆட்டம் தோற்றான். மாட்ரிட்டை எடுத்தான், ஜிடான் இல்லை. ஓய்வு பெற்றுவிட்டாரே. வேறு ஆளை முதுகு காட்டி நிறுத்தினான், எதிராளி பந்தை உருவிக்கொண்டு போனான், விசில் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் என்ன செய்ய முடியும்? காசை எண்ணி வைத்துவிட்டு, "அந்தப் பழச போடுங்கண்ணே" என்றான்.

முதலாளிக்கு நான்கு மெஷினிலும் ஆறுதான் ஓட வேண்டும். அவர் கணக்கில் தப்பில்லை, வாசலில் பையன்கள் காத்துக்கிடந்தார்கள். நான்தான் ஒரு மெஷினில் ஐந்து இருக்கட்டும் என்று கேட்டேன். அதற்குக் காரணம் அப்பா. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எந்தப் புது ரகம் வந்தாலும் அப்பா போட்டுப் பார்ப்பார், பயப்படமாட்டார். ஆனால் எட்டு மாவில் ஒரு மா எப்போதும் பழைய ரகமான பொன்மணிதான். "புதுசு நல்லாருந்தா சந்தோசம். இல்லன்னா திரும்பிப் போக வீட்ல ஒரு கோட்டை விதையாவது இருக்கணும்" என்பார். அதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டிவிட்டு, "சரி, நாலாவது மெஷின். ஆள் உக்காரலன்னா மாத்திடணும் தம்பி" என்றார். ஆள் உட்கார்ந்தான். ஒரே ஆள்.

தனியாக ஆடுகிறவனுக்கு மாஸ்டர் லீக் என்று ஒன்று உண்டு. இரண்டாம் டிவிஷனில் ஒரு ஏழை அணியைக் கையில் கொடுப்பார்கள். அதில் இருக்கிறவர்கள் யாரும் நிஜ ஆட்டக்காரர்கள் இல்லை, கோனாமியே உருவாக்கிய ஆட்கள். முன்னால் காஸ்டோலோ, நடுவில் மினாண்டா, கோலில் இவரோவ். ஜெயிக்க ஜெயிக்கப் பாயின்ட் வரும், அதை வைத்து நல்ல ஆட்களை வாங்கலாம், இவர்களைக் கழற்றிவிடலாம். எல்லாரும் முதலில் கழற்றிவிடுவது காஸ்டோலோவைத்தான். இவன் கழற்றவில்லை. ஆறு சீசன் ஆடி, முதல் டிவிஷனை மூன்று தடவை ஜெயித்து, ஹென்றியையே வாங்கிய பிறகும் காஸ்டோலோ அணியில் இருந்தான். வயதாகி வேகம் குறைந்துவிட்டது, கடைசிப் பத்து நிமிடம் இறக்குவான். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "மொத சீசன்ல கூட இருந்தவன்ண்ணே" என்றான். அந்த ஆறு சீசனும் 8 எம்பி மெமரி கார்டு ஒன்றில், என் மேஜை இழுப்பறையில், அவன் பெயர் எழுதிய பிளாஸ்டர் ஒட்டி இருந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம். ஆட்டம் முடித்து, "அண்ணே, சேவ் பண்ணிடுங்க, அம்மா தேடும்" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போனான். நான் சேவ் கொடுத்தேன். திரையில் 'கார்டை எடுக்காதீர்கள்' என்று வந்த அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பத்து நிமிடம் கழித்து வந்ததும் போட்டுப் பார்த்தேன். ஃபைல் இருக்கிறது, திறக்கவில்லை. கார்டைக் கழற்றி முனையைத் துடைத்தேன், மற்ற மூன்று மெஷினிலும் மாட்டினேன், ராத்திரி ஒரு மணிவரை முயன்றேன். போனது போனதுதான். இரண்டாவது கார்டில் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தால் ஒரு நிமிட வேலை. கிளப் பெயர்களை நான்கு கார்டில் மாற்றத் தெரிந்த எனக்கு அது தோன்றவில்லை. அது என் தவறு, கரண்டின் தவறில்லை.

மறுநாள் நாலு மணிக்கு அவனிடம் சொன்னேன். தயாரித்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் வாயில் வரவில்லை. "எல்லாம் போச்சு தம்பி, என்னாலதான்" என்றேன். கார்டை வாங்கி அந்தப் பிளாஸ்டரைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். "பரவாயில்லண்ணே" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வரவில்லை. பொங்கல் போனது. எங்கள் ஊரில் சம்பா அறுவடை தொடங்கி, நான் காலையில் களத்துக்குப் போய்விட்டு மதியம் கடைக்கு வருவேன். நாலு மணி ஆனால் வாசலைப் பார்ப்பேன். நாலாவது மெஷினுக்கு ஆள் இல்லாமல் ஒரு வாரம் போனதும், பேசியபடி ஆறாம் பாகத்தைப் போட்டேன்.

தை முடிகிற நேரத்தில் ஒரு நாள் வந்தான். சட்டைப்பையில் இருபது ரூபாய் தெரிந்தது, நான் நோட்டில் நேரம் எழுதவில்லை. நாலாவது மெஷின் முன்னால் உட்கார்ந்தவன், ஐந்து இருக்கிறதா என்று கேட்கவில்லை. புது கார்டு ஒன்றைச் செருகினேன். அதைப் போலவே இன்னொன்று பிரதிக்கு என்று காட்டிவிட்டு இழுப்பறையில் வைத்தேன். அவனே மாஸ்டர் லீக்குக்குப் போனான். இரண்டாம் டிவிஷன். அணிப் பட்டியல் திறந்தது. இவரோவ், மினாண்டா என்று பெயர்கள் வரிசையாக வந்தன. கடைசிப் பக்கம் போனதும் அவன் விரல் நின்றது.

"அண்ணே, இங்க பாருங்க. காஸ்டோலோ. சின்னப் பையனாயிட்டான்."

பக்கத்து மெஷினில் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். பேருக்குப் பக்கத்தில் சிவப்பு அம்பு மேல்நோக்கி நின்றது. அன்றைக்கு நல்ல ஃபார்மில் இருக்கிறான் என்று அர்த்தம். முதல் ஆட்டத்திலேயே அவனை இறக்கினான். பந்தைக் காஸ்டோலோவிடம் கொடுத்து, பழைய பழக்கத்தில் முதுகைக் காட்டி நிறுத்தினான். எதிராளி இடித்தான், விசில் வரவில்லை, பந்து போனது. இரண்டாவது தடவையும் போனது. மூன்றாவது தடவை நிறுத்தவில்லை, பந்து காலுக்கு வந்ததும் திரும்பி ஓடவிட்டான். ஆர் 1 'கிரீச்' என்று சத்தம் போட்டது. ரப்பர் மாற்றி இரண்டு நாள்கூட ஆகவில்லை. நான் எதுவும் சொல்லாமல், இழுப்பறையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை வெளியே எடுத்து வைத்தேன்.