பட்டுப்புழு மாவுக்கு அனுமதி கேட்டுப் போனபோது

அயோத்தியாப்பட்டணத்தில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் பட்டு நூற்கிறார். வெந்நீரில் போட்ட கூட்டிலிருந்து நூலை எடுத்த பிறகு மிஞ்சும் கூட்டுப்புழு, மூட்டை மூட்டையாகத் தீவனத்துக்குப் போகும். உலர்ந்த எடையில் ஏறக்குறைய பாதி புரதம். அசாமில் ‘எரி’ என்ற வகைப் பட்டுப்புழுவை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். கொரியாவில் தெருக்கடைகளிலேயே விற்கிறார்கள். எண்ணெயைப் பிரித்து, மாவாக்கி, பிஸ்கட்டில் சேர்க்கலாமே என்று தோன்றியது.

மசாலாப் பொடி விற்க என்னிடம் ஏற்கெனவே உணவுத் தொழில் பதிவு இருந்தது. அதிலேயே இதையும் சேர்க்கலாம் என்று நினைத்தேன். முடியாது. புதுவகை உணவு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் வருகிறது. தரம் வரையறுக்கப்படாத உணவுகளுக்கான 2017 விதிமுறைப்படி, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயிடம் முன் அனுமதி வாங்கிய பிறகுதான் உரிமம். “சிறுதானிய பிஸ்கட்டுன்னு போட்டுடலாங்க, யாரு பார்க்கப் போறா” என்றார் உரிமம் எடுத்துத் தரும் ஒருவர். அவரிடம் அதோடு போகவில்லை.

விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். எதிலிருந்து வருகிறது, எப்படித் தயாராகிறது, யார் எவ்வளவு சாப்பிடுவார்கள், எங்கே எத்தனை காலமாக உண்கிறார்கள், நச்சுத்தன்மை ஆய்வு உண்டா என்று கேள்விகள். முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டேன். புழு தின்றது மல்பெரி இலை; அந்த இலைக்கு என்ன மருந்து அடித்தார்கள்? வளர்ப்பு மனையில் எந்தக் கிருமிநாசினி தூவினார்கள்? நூற்பவருக்கு அது தேவைப்படாத விவரம். கூடு கொடுத்த விவசாயிகளைத் தேடித் தேடிப் போய்க் கேட்டேன். அப்புறம், நூற்ற புழுவை ஈரத்தோடு அரை நாள் போட்டு வைத்தாலே நாற்றம் வந்துவிடும். நூற்ற உடனே உலர்த்த வேண்டும் என்று அண்ணனிடம் பேசி, தனித் தட்டுகள் வாங்கிக் கொடுத்தேன்.

ஒவ்வாமை பற்றிய பகுதியை ஒரு ராத்திரி படித்துக்கொண்டிருந்தேன். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூச்சிப் புரதமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இரண்டிலும் டிரோபோமயோசின் என்ற புரதம் ஒரே சாயலில் இருக்கிறது. என் சொந்த அண்ணன் மகனுக்கு இறால் சாப்பிட்டால் உதடு வீங்கும். நான் சோதனைக்குச் சுட்ட பிஸ்கட் டப்பா அன்று மேசைமேல்தான் இருந்தது. மாலையில் வந்தவன், “அத்தை, இது என்ன?” என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு முறுக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தான். எழுந்து போய் அந்த டப்பாவை அப்படியே குப்பையில் கொட்டினேன். கை நடுங்கியது.

லேபிள் மாதிரியை மறுநாளே மாற்றினேன். பழுப்பு முக்கோணம், அதாவது அசைவக் குறி, முன்பக்கம். இறால் ஒவ்வாமை எச்சரிக்கையும் முன்பக்கமே, பெரிய எழுத்தில், தமிழில்.

விண்ணப்பம் போய்விட்டது, கூடுதல் விவரம் கேட்டு ஒருமுறை திரும்பி வந்தது. சரி என்று மூன்று தொகுதி மாவைத் தனித்தனியாக ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் ஒரு பாக்கெட் கூட விற்கவில்லை. இப்போது ஒவ்வொரு மூட்டையிலும் விவசாயி பெயரும் நூற்ற தேதியும் எழுதித்தான் வாங்குகிறேன்.