செலவுப் பட்டியலில் பாடகரின் இடம்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு நிதி அலுவலகத்தில், நாட்டார் இசை ஆய்வுக்கான நல்கை விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்புவது என் பணிகளுள் ஒன்று. ஆய்வுச் சுருக்கத்தைப் படிக்கும் முன்பே செலவுப் பட்டியலைப் புரட்டிவிடுவேன். பயணம், தங்குமிடம், ஒலிப்பதிவுக் கருவி, உதவியாளர் ஊதியம் ஆகியவை ஒழுங்காக இருக்கும். பாடுபவருக்குரிய தொகை மட்டும் சில பட்டியல்களில் ‘இதர செலவுகள்’ என்பதற்குள் ஒடுங்கிக் கிடக்கும்.

இந்தப் போக்கு பழையது. 1890இல் ஆய்வாளர் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ், அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பாஸமக்வாடி பழங்குடியினரின் பாடல்களை மெழுகு உருளைகளில் பதிவு செய்தபோது, அதற்குப் பணம் தந்தவர் மேரி ஹெமன்வே என்ற பாஸ்டன் செல்வந்தர். 1907இல் சிப்பெவா பழங்குடியினரின் பாடல்களைப் பதிவு செய்ய இசை ஆய்வாளர் பிரான்சிஸ் டென்ஸ்மோருக்கு அமெரிக்க இனவியல் பணியகம் வழங்கியது 150 டாலர். பதிவு செய்வதற்கு இப்படி யாரேனும் கிடைத்தார்கள். பதிவானதைப் பாடியவர்களின் ஊருக்குத் திருப்பித் தருவதற்குத்தான் ஆளில்லை. பழைய உருளைகளைப் படியெடுத்து அந்தந்தச் சமூகங்களுக்கு அளிக்கும் கூட்டரசுத் திட்டம் 1979இல்தான் தொடங்கியது. இன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் பட்டியலில் ஃபியூக்ஸின் அந்தப் பதிவுகளுக்குப் பாஸமக்வாடி மொழியிலேயே தலைப்புகள் உள்ளன. அவற்றை எப்படிப் பயன்படுத்தலாம் என்று அம்மக்கள் வகுத்த நெறிகளும் உடன் இருக்கின்றன. ஆய்வுக்கு நிதி என்றால் இந்த வேலையும் அதில் அடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால், மதிப்பீட்டாளர்களுக்குப் புதிய பதிவு என்றால் வரும் உற்சாகம், பழைய நாடாக்களுக்குப் பட்டியல் தயாரிப்பது என்றால் வருவதில்லை.

ஆய்வாளரை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. பாடகருக்கு மதிப்பூதியம் தர வேண்டுமானால், அந்த முதியவர் வரி எண்ணுடன் படிவம் நிரப்ப வேண்டும். வங்கிக் கணக்கு இல்லையென்றால் காசோலையை மாற்றவும் அலைய வேண்டும். (இந்தப் படிவங்களை வடிவமைத்தவர்கள் ஒரு பாடகரையும் மனத்தில் வைத்திருக்க மாட்டார்கள்.)

2021இல் மெலன் அறக்கட்டளை அளித்த நிதியைக் கொண்டு, சமூகங்கள் தம் பண்பாட்டைத் தாமே ஆவணப்படுத்துவதற்குக் காங்கிரஸ் நூலகத்தின் அமெரிக்க நாட்டார் வாழ்வியல் மையம் நல்கை வழங்கத் தொடங்கியது. பாடுபவர் தரப்பே செலவுப் பட்டியலை எழுதும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. காலக்கெடுதான் இடிக்கிறது. குளிர்காலத்துக்கு மட்டுமே உரிய பாடல்களை வேறு பருவத்தில் பாடாத சமூகங்கள் உண்டு. ஓராண்டு நல்கையில் அவர்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு குளிர்காலம்.